'வி'யில் முடியும் சொற்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் 'வி' என்ற எழுத்தில் முடியும் சொற்கள் உண்டா? பொருளும் சொல்லுங்கள்.

பதில்: உண்டு, ஆனால் கொஞ்சம்தான். 'ரெவ்' என்றால் இன்ஜினை உறுமவிடுவது. ரெவல்யூஷன் என்பதன் சுருக்கம். 'ஸ்பிவ்' என்பது கள்ளச்சந்தையில் பொருள் விற்றுப் பிழைக்கும் பகட்டு ஆசாமி. 'லெவ்' 2025 வரை பல்கேரிய நாணயம்; பழைய பல்கேரிய மொழியில் சிங்கம் என்றும் பொருள்.

சிறுவயதில் 'கிவ்' என்பதைக் கடைசி 'ஈ' இல்லாமல் எழுதிச் சிவப்பு மையில் சுழி வாங்கியவன் நான். காரணம் தெரிய வெகுகாலம் ஆனது. முன்பு 'யூ', 'வி' இரண்டும் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். 1600களில்தான் தனித்தனி எழுத்துகளாக நிலைபெறத் தொடங்கின. அதுவரை கடைசியில் நிற்பது உயிரா, மெய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் ஓர் 'ஈ' போட்டால் மெய் என்று புரிந்துகொண்டார்கள். குழப்பம் தீர்ந்த பிறகும் லவ், ஹேவ், லிவ் எல்லாவற்றிலும் அந்த 'ஈ' ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழிலும் வல்லின மெய்யில் சொல் முடியாது. 'கேக்' நம் வாயில் 'கேக்கு' ஆவது அதனால்தான். அங்கே ஈ, இங்கே உகரம்!