இலங்கை விசா: ஒரே பயணத்துக்கு மூன்று விலை ஏன்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, இலங்கையில் ஹட்டனில் பிறந்தவர். அங்கே அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். அம்மா, நான், 10 வயது மகன் என மூன்று பேர் போகிறோம். இலங்கை விசா என்று தேடினால் முதலில் வந்த தளம் குழந்தைக்கும் சேர்த்து ஆளுக்கு 69 டாலர் கேட்கிறது. இன்னொன்றில் 20 டாலர் என்று இருக்கிறது. இந்தியர்களுக்கு இலவசம் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் மூன்று பேருக்கும் 6,500 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது? முதல் தளத்தில் பாதி நிரப்பிவிட்டேன், பணம் கட்டவில்லை.

பதில்: கட்டாமல் நிறுத்தியது நல்லது. அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அவர்களிடம் போயிருக்கும் என்பதால், “விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, இன்றே முடிக்கவும்” என்று சில நாட்களுக்கு மெயில் வரும். இலங்கை அரசிடம் உங்கள் பெயரில் எதுவும் பதிவாகவில்லை. அந்த மெயில்களுக்குப் பதில் போட வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்ட விலைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இலங்கைக்கு நீங்கள் எடுக்க வேண்டியது ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி. அதன் கட்டணப் பட்டியலில் சார்க் (இந்தியாவும் இலங்கையும் உள்ள தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக இன்னொரு விலை. சுற்றுலா ஈடிஏவுக்குச் சார்க் விலை 20 டாலர், மற்றவர்களுக்கு 50 டாலர், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணமில்லை என்பது அந்தப் பட்டியலின் வழக்கமான வடிவம். 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா உள்ளிட்ட 7 நாட்டவருக்கு முன்னோட்டமாக விசாக் கட்டணத்தை விலக்கினார்கள். உங்கள் சொந்தக்காரர் சொல்லும் ‘இலவசம்’ அங்கிருந்து வந்தது. 2024 ஏப்ரலில் ஈடிஏ முறையையே நிறுத்திவிட்டு, வெளி நிறுவனங்கள் நடத்தும் இ-விசா தளத்துக்கு மாறினார்கள். அப்போது விசாக் கட்டணத்துக்கு மேல் 25.77 டாலர் சேவைக் கட்டணம் ஏறியது. அதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2024 ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பர் கடைசியில் பழைய ஈடிஏ திரும்பியது. ஒரே ஆண்டுக்குள் இத்தனை மாற்றம் நடந்ததால் அந்தந்த மாதத்தில் எழுதப்பட்ட கட்டுரையும் வீடியோவும் இன்னமும் தேடலில் மேலே வருகின்றன. எழுதியபோது அவை சரியாக இருந்திருக்கலாம், இன்று சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. சலுகை அறிவிப்பு செய்தித்தாளில் வரும் நாளும் நடைமுறைக்கு வரும் நாளும் கூட வேறு வேறு. நீங்கள் விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தின் கட்டணப் பக்கத்தில் இந்தியர்களுக்கு என்ன போட்டிருக்கிறதோ (தனி விலக்கு இல்லையென்றால் சார்க் வரிசை), அதுதான் உங்கள் விலை.

69 டாலர் மட்டும் எந்தக் காலத்து அரசு விலையும் அல்ல. அது இடைத்தரகர் விலை.

அரசுத் தளத்தின் முகவரியைப் போனில் சொல்வதுபோல் எழுதுகிறேன்: ஈ, டி, ஏ, டாட், ஜிஓவி, டாட், எல்கே. இதைத் தேடல் பெட்டியில் போடாதீர்கள், மேலே உள்ள முகவரிப் பட்டையிலேயே ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். தேடினால் முதல் சில வரிகள் காசு கொடுத்த விளம்பரங்கள். ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் ஒரு வார்த்தை இருக்கும், செல்போன் திரையில் அது கண்ணிலேயே படாது.

முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிக்கப் பழகுங்கள். தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ்-க்குப் பின் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சாய்கோடு வரும் இடத்தில் (அது இல்லாவிட்டால் முகவரியின் முடிவில்) நின்று அங்கிருந்து இடது பக்கம் வாருங்கள். கடைசியில் எல்கே, அதற்கு முன் ஒரு புள்ளி, அதற்கு முன் ஜிஓவி, அதற்கும் முன் ஒரு புள்ளி இருந்தால் அது இலங்கை அரசின் இடம். ஜிஓவி, எல்கே என்ற எழுத்துகள் நடுவில் எங்கேயோ வந்து, முடிவு டாட் காம் என்றோ டாட் ஓஆர்ஜி என்றோ இருந்தால் அது தனியாருடையது. ஓஆர்ஜி என்றால் ஏதோ பொதுநல அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அதை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். பூட்டுப் படத்தையும் நம்ப வேண்டாம். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் பொருள். போய்ச் சேரும் இடத்தில் இருப்பது யார் என்று அது சொல்லாது.

இடைத்தரகர் தளத்தை முகவரி பார்க்காமலே அடையாளம் காட்டிவிடும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தின் அடிவரை போங்கள். “நாங்கள் அரசுடன் தொடர்புடையவர்கள் அல்ல” என்ற அர்த்தத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி கிடக்கும். சட்டச் சிக்கல் வராமல் இருக்க அதைப் போட்டே ஆக வேண்டும், படித்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே போடுகிறார்கள். இன்னொரு அறிகுறி, விலை எப்போது தெரிகிறது என்பது. அரசுத் தளத்தில் பெயரைக் கூட எழுதாமல் கட்டணப் பட்டியலைப் பார்த்துவிடலாம். இவர்களோ பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி எல்லாம் வாங்கிக்கொண்டு, ‘சாதாரணம், அவசரம், அதிஅவசரம்’ என்று மூன்று கட்டம் காட்டி, கடைசிப் பக்கத்தில்தான் தொகையைச் சொல்வார்கள். பணம் வாங்கியபின் பெரும்பாலோர் அதே அரசுத் தளத்தில் உங்களுக்காக நிரப்பி, வரும் அனுமதியை உங்களுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதாவது அனுமதி உண்மையானது, விலைதான் அநியாயம். அதனாலேயே புகார் கொடுத்தால் அவ்வளவு எளிதில் நிற்பதில்லை.

பிரவுசிங் சென்டர் வேறு கதை. டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 டாலருக்கு 1,800 ரூபாய். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் கார்டு 3.5 சதவீதம் பிடித்தால் 63 ரூபாய், அந்த 63-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 11 ரூபாய் சொச்சம். ஆக ஆளுக்கு 1,874 ரூபாய். பையனுக்கு 10 வயது என்பதால் அவனுக்குக் கட்டணமில்லை, விண்ணப்பம் மட்டும் தனியாகப் போட வேண்டும். இரண்டு பெரியவர்களுக்கு 3,750 ரூபாய்க்குள் அடங்கும். 6,500-ல் மீதி 2,750 ரூபாய் அவர்கள் கூலி. அரை மணி நேரத் தட்டச்சு வேலைக்கு அது அதிகம். அன்றைக்கு இந்தியர்களுக்குக் கட்டண விலக்கு நடப்பில் இருந்தால் 6,500-ம் கூலிதான். சென்டரில் போடுவதானால் கூலியைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், அரசுக் கட்டணத்தை உங்கள் கார்டிலிருந்தே கட்டுங்கள், மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். சென்டர்காரர் தன் மெயிலைக் கொடுத்துவிட்டால் அனுமதிக் கடிதத்துக்காக அவர் கடையைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டிவரும். பாஸ்போர்ட் நகலை அவர் கணினியிலிருந்து அழித்துவிட்டார் என்பதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இனி படிவம். கல்யாணத்துக்கு, உறவினரைப் பார்க்க என்பதெல்லாம் சுற்றுலாப் பிரிவிலேயே அடங்கும், வேறு வகை தேட வேண்டாம். பாஸ்போர்ட் நீங்கள் இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்ல வேண்டும். இந்திய பாஸ்போர்ட் எண் பெரும்பாலும் ஓர் எழுத்தும் 7 இலக்கங்களும் கொண்டது. எழுத்துக்குப் பின் வட்டமாக எது வந்தாலும் அது பூஜ்யம், ஆங்கில ஓ அல்ல. தவறு அதிகம் நடப்பது இதில்தான். அடுத்தது பெயர். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் வரி காலியாக இருக்கும். அதை நிரப்ப வேண்டுமே என்று ரேஷன் கார்டில் உள்ள இன்ஷியலைப் போடாதீர்கள். பாஸ்போர்ட் பக்கத்தில் இல்லாத ஓர் எழுத்தும் படிவத்தில் வரக் கூடாது. படிவம் காலியாக விட மறுத்தால் கிவன் நேம் வரியில் உள்ள பெயரையே பயன்படுத்துங்கள்.

உங்கள் அம்மாவுக்கு ஒரு தனி விஷயம். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பி நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் பலருடைய பழைய தாள்களில் ‘சிலோன்’ என்று இருக்கும். 1972-ல் பெயர் மாறியபின் எந்தப் படிவத்தின் பட்டியலிலும் சிலோன் கிடையாது, பிறந்த நாடு என்ற இடத்தில் ஸ்ரீலங்காவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பிறந்ததை மறைக்க எந்த அவசியமும் இல்லை. பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் ஹட்டன் என்று இருக்கும்போது படிவத்தில் நீலகிரி என்று போட்டால்தான் கேள்வி வரும். குடியுரிமை என்ற இடத்தில் இந்தியா. தங்கும் முகவரிக்கு லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) எண் இல்லாவிட்டால் பரவாயில்லை, தோட்டப் பிரிவான டிவிஷனின் பெயர், தோட்டத்தின் பெயர், பக்கத்து டவுன், அங்குள்ளவரின் போன் எண் போதும்.

பணம் கட்டும் இடத்தில் கார்டு மறுக்கப்பட்டால் தளம் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. வங்கி ஆப்பில் ‘இன்டர்நேஷனல் ஆன்லைன்’ என்ற பொத்தானைத் திறந்து, வரம்பை 5,000 ரூபாய் என்று வைத்து, கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். டாலரிலா ரூபாயிலா என்று எந்தத் தளம் கேட்டாலும் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம் உங்கள் தலையில் ஏறும்.

மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்டும் சிக்னலும் போவது சாதாரணம். பணம் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்து, திரை அப்படியே உறைந்து நின்றால் மறுபடி ‘பே’ அழுத்தாதீர்கள். மெயிலில் வந்த குறிப்பு எண்ணை வைத்து அதே அரசுத் தளத்தில் விண்ணப்ப நிலையைப் பாருங்கள். விண்ணப்பம் ஏறியிருந்தால் வேலை முடிந்தது. ஏறவில்லை என்றால் வங்கியைக் கேட்டுவிட்டு அடுத்ததைச் செய்யலாம்.

ஏற்கெனவே தரகர் தளத்தில் கட்டிவிட்டவர்கள் முதலில் பதறி இன்னொரு விண்ணப்பம் போடக் கூடாது, ஒரே பாஸ்போர்ட்டுக்கு இரண்டு ஓடினால் குழப்பம்தான். தரகர் இன்னும் அனுப்பவில்லை என்றால் ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் மெயில் போடுங்கள். தொகை காட்டிய பக்கத்தையும் அடியில் இருந்த அந்தச் சாம்பல் வரியையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கார்டு வங்கியில் ‘டிஸ்ப்யூட்’, அதாவது அந்தப் பணம் பிடித்ததை எதிர்த்து முறையீடு கேளுங்கள். ஓடிபியை நீங்களே போட்டிருப்பதால் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அனுமதியே வராமல் ஆளும் மாயமானால் அது மோசடி: உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், கார்டை முடக்குங்கள்.

ஜிஓவி இருந்தால் அரசு, இல்லாவிட்டால் போலி என்று எல்லா நாட்டுக்கும் சூத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க விசாவுக்கு டிஎஸ்-160 படிவம் அரசுத் தளத்தில் இருக்கிறது, அதை நிரப்பக் காசே இல்லை. ஆனால் 185 டாலர் கட்டணமும் நேர்காணல் நாளும் பதிவாகும் தளம் டாட் காம் என்று முடிகிறது, அதுவும் அதிகாரப்பூர்வமானதே. ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அது தரகுக் காசு அல்ல, தூதரகம் அனுமதித்தது. சிங்கப்பூருக்கு நாம் இங்கிருந்து போடும்போது அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகப் போவதுதான் முறை. இப்படிப்பட்ட இடங்களில் தூதரகத் தளத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் இணைப்பை அழுத்தித்தான் உள்ளே போக வேண்டும். விசாவே அல்லாத வருகை அட்டைகளிலும் கொள்ளை நடக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் அட்டை நிரப்ப வேண்டும், மூன்றும் இலவசம். ஊட்டிக்கு வர வெளியூர்க்காரர்கள் 2024 மே முதல் எடுக்கும் இ-பாஸ் எப்படி இலவசமோ, அப்படி. இவற்றுக்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் வெளியே வந்துவிடுங்கள்.

உங்களுக்கு அனுமதிக் கடிதம் வந்ததும் மலை இறங்குவதற்கு முன் வீட்டிலேயே மூன்று பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து, எண், பெயர், பிறந்த தேதி, காலாவதித் தேதி என நான்கையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் விமானம் ஏறும் ஊரிலேயே நிறுத்திவிடுவார்கள். கடிதத்தை அச்செடுத்து, திரும்பி வரும் டிக்கெட்டின் நகலையும் அதோடு வையுங்கள், கட்டுநாயக்கா (கொழும்பு) விமான நிலையத்தில் அதைக் கேட்கலாம். எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும் என்பதும் கடிதத்திலேயே இருக்கும். கல்யாணத் தேதி தள்ளிப்போனால் டிக்கெட்டை மாற்றுவதற்கு முன் அந்த வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.