சருகுக்குச் சிறகு முளைத்தால்

அன்புள்ள ஐயா,

அந்தி சாயும் நேரம், மரத்தடியில் அழுகிக் கிடந்த பழத்தின் பக்கத்தில் காலை வைத்தேன். ஒரு காய்ந்த சருகு எழும்பிப் பறந்து, நாலடி தள்ளிச் சருகுக் குப்பைக்குள்ளேயே விழுந்தது. குனிந்து தேடியும் கண்ணுக்கு அகப்படவில்லை. மழைக்காலத்தில் இதே இடத்தில் பார்த்ததற்குச் சிறகோரம் வரிசையாகக் கண் போன்ற வட்டங்கள் இருந்தன. இரண்டும் அந்துப்பூச்சிதானே? வேறு வேறு இனமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்து இல்லை, வண்ணத்துப்பூச்சிதான். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டுமே மெலானிடிஸ் லீடா. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் பெயர் வைத்த இனம். ஆப்பிரிக்காவில் தொடங்கி ஆசியா, ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. பகலெல்லாம் சருகுக்குள் கிடந்துவிட்டு இருட்டும் நேரத்தில் கிளம்புவதால் பலரும் அந்து என்றே நினைக்கிறார்கள். பூவை அவ்வளவாகச் சீண்டாது. அழுகிய பழமும் மரத்தில் வடியும் சாறும்தான் அதற்கு விருந்து. சந்தேகம் இருந்தால் உணர்கொம்பைப் பாருங்கள், வண்ணத்துப்பூச்சிக்கே உரியபடி நுனி தடித்திருக்கும்.

அப்புறம் அந்தக் கண்கள். ஒரே பூச்சி பருவத்துக்குப் பருவம் உடை மாற்றுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டை விட்டு வந்தபின் சிறகின் கோலம் மாறாது. அது புழுவாக இருந்தபோது நிலவிய வெப்பம் போன்றவைதான் எந்தக் கோலம் என்று முடிவு செய்கின்றன. மழைக்காலத்தில் சுற்றிலும் பச்சை. பழுப்புச் சிறகு ஒளிய இடமில்லை. அப்போது ஓரத்துக் கண்கள் உதவும்: பறவை உடம்பை விட்டு அங்கே கொத்தினால் ஒரு துண்டுச் சிறகோடு போயிற்று. காய்ந்த பருவத்தில் கண் இருந்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் வெறும் சருகு. அதிலும் ஒன்று காவி, ஒன்று சாம்பல், ஒன்றில் கரும்புள்ளி. ஒரே மாதிரி இரண்டு கிடைப்பதே அரிது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு சருகைக் கண்டுபிடித்துத் தின்ற பறவைக்கு அந்த அனுபவம் அடுத்த சருகிடம் உதவாது!

புழுவையும் பார்க்க ஆசை என்றால் புல் இலைகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நெல் உட்படப் புல் வகைகள்தான் அதற்கு உணவு. உடம்பு புல்லின் பச்சையேதான், வால் இரண்டாகப் பிளந்திருக்கும். புல்லோடு புல்லாக நீண்டு கிடப்பதை உடம்பை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். தலையில் இரண்டு கொம்பு இருக்கும், அதைத் தேடுங்கள்.