சுவாஹிலியில் 'ஐ' எங்கே? – கேள்வி பதில்

கே: சுவாஹிலியில் இரண்டாம் வேற்றுமை உருபு எது சார்?

கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும், பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சுவாஹிலியில் அப்படி ஒன்று கிடையாது. பெயர்ச்சொல் எழுவாயானாலும் செயப்படுபொருளானாலும் அப்படியே நிற்கும். வினையைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஜுமா அலிகிநுனுவா கிசு': ஜுமா கத்தியை வாங்கினான். அ (அவன்), லி (இறந்தகாலம்), கி (அதை), நுனுவா (வாங்கு). கத்தி விழுந்தால் 'கிசு கிலியங்குகா'. அதே 'கி'தான். காலம் காட்டும் 'லி'க்கு முன்னால் வந்தால் எழுவாய், பின்னால் வந்தால் செயப்படுபொருள்.

கே: 'கி' கட்டாயமா?

இல்லை. 'அலிநுனுவா கிசு' என்றால் ஏதோ ஒரு கத்தி. 'கி' சேர்ந்தால் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த கத்தி. ஆனால் ஆளைப் பார்த்தால் 'அலிம்வோனா ஆஷா' (ஆஷாவைப் பார்த்தான்) என்று 'ம்வ்' (அவளை) வந்தாக வேண்டும். நாமும் 'கத்தி வாங்கினான்' என்போம், 'ஆஷா பார்த்தான்' என்போமா?

கே: அப்படியானால் தமிழும் சுவாஹிலியும் உறவா?

இல்லை. ஸ்பானிய மொழியிலும் ஆள் செயப்படுபொருளானால் முன்னால் 'அ' வரும். அதையும் சொந்தத்தில் சேர்ப்பீர்களா?

கே: நான்காம் வேற்றுமை?

அதுவும் வினையில்தான். 'பிக்கா' சமை, 'பிக்கியா' ஒருவருக்காகச் சமை. 'ஜுமா அலிம்பிக்கியா ஆஷா வாலி': ஆஷாவுக்குச் சோறு சமைத்தான். அந்த 'ம்' ('ம்வ்'வின் இன்னொரு வடிவம்) ஆஷாவுக்குத்தான். வினைக்குள் செயப்படுபொருள் ஒட்டுக்கு இடம் ஒன்றே என்பதால் சோற்றுக்கு அடையாளம் இல்லை. இன்னொன்று, 'ஆஷா அலிபிக்கிவா வாலி' (ஆஷாவுக்குச் சோறு சமைக்கப்பட்டது) என்று ஆஷாவையே எழுவாயாக்கலாம். தமிழில் முயன்றால் ஆஷாவையே சமைத்துவிடுவோம்!

கே: இதெல்லாம் 'வந்தாள்' என்பதில் வரும் 'ஆள்' போல வெறும் இயைபுதானே (பெயருக்கேற்ப வினை வடிவம் மாறுவது)? 'அதை', 'அவளை' என்று ஏன் பிரதிப்பெயராக்குகிறீர்கள்?

நல்ல சண்டை. அதே பாண்டு குடும்பத்தில், மலாவியின் சிச்சேவா மொழிக்கு வாருங்கள். 'ன்ஜுச்சி ஸினாலுமா அலெஞ்சே': தேனீக்கள் வேடர்களைக் கொட்டின. இங்கே வேடர்கள் வினையை ஒட்டியே நிற்க வேண்டும். 'வா' (அவர்களை) சேர்த்து 'ஸினாவாலுமா' ஆக்கினால் வேடர்கள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அந்த 'வா'வே செயப்படுபொருள், வேடர்கள் கூடுதல் விளக்கம் என்று 1987இல் மொழியியலாளர்கள் பிரெஸ்னனும் ம்சோம்போவும் வாதிட்டார்கள். சுவாஹிலியில் ஆளுக்குக் கட்டாயமாக வருவது இயைபுக்கு நெருக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கே (அதே அன்பர்): ஒரே குடும்பத்தில் இரண்டு விதியா?

இரண்டோடு நிற்காது. ருவாண்டாவின் கின்யருவாண்டா ஒரே வினைக்குள் பல செயப்படுபொருள் ஒட்டுகளை அடுக்கும். சுமார் 500 மொழிகள் உள்ள குடும்பம். 'பாண்டு மொழியில் இப்படி' என்று மொத்தமாகப் பேசாதீர்கள். எந்த மொழி என்று சொல்லுங்கள்.

கே: பாண்டு மொழியில் 'ஐ' உருபு எது?

எந்த மொழி? சுவாஹிலி என்றால், முதல் பதில்.