தமிழில் ஃபேன்டஸி எழுதுகிறவர்கள் சின்ன வயதில் எதைப் படித்து வளர்ந்தார்கள்? உங்கள் முதல் நாவல் எப்படி வெளிவந்தது?

கேள்வியில் இரண்டு பங்கு இருக்கிறது. புத்தகம் வெளிவந்த கதை கொஞ்சம் வறட்சியானது, காசுக் கணக்கெல்லாம் வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேதாரண்யம் பக்கம். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தெற்கே கோடியக்கரைக் காடு, மேற்கே சதுப்பு. பேய்க்கதைக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ராத்திரி சதுப்புப் பக்கம் வெளிச்சம் ஏதாவது அசைந்தால் அது கொள்ளிவாய்ப் பிசாசு, வேறு பேச்சே கிடையாது. இந்தக் கதைகளை எனக்குச் சொன்னது அப்பாயி. பயமுறுத்துவதைவிடச் சட்டம் சொல்வதில்தான் அவளுக்கு ஆர்வம் அதிகம். இருட்டில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையும் இரண்டாம் தடவையும் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது மனுஷன்தான், பதில் சொல்லலாம். மடியில் ஒரு இரும்புத் துண்டு இருந்தால் எதுவும் கிட்டே வராது. நான் விடாமல் கேட்பேன், பேய் ஏன் மூன்றாவது தடவை கூப்பிடாது என்று. "அதுக்கு அவ்வளவுதாண்டா விட்டிருக்கு" என்பாள். யார் விட்டது, எப்போது விட்டது என்றெல்லாம் அவளுக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பேய்க்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதாலேயே அது எனக்கு உண்மையான பேயாகத் தெரிந்தது.

ஃபேன்டஸி எழுத்து பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் இந்த ஒரு பதிலுக்குள் அடக்கம் என்றுகூடச் சொல்வேன். மாயம் என்னவெல்லாம் செய்யும் என்பதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். எதைச் செய்ய முடியாது, செய்தால் என்ன விலை என்று முடிவு செய்வதில்தான் கதை பிறக்கிறது.

அப்புறம் அம்புலிமாமா. 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவாகவும் தமிழில் அம்புலிமாமாவாகவும் தொடங்கிய பத்திரிகை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பழைய இதழ்களை பைண்ட் செய்து வைத்திருந்தார்கள். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் யாருக்கும் மறக்காது: ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுடுகாட்டு வழியில் நடக்கும் விக்கிரமாதித்தன். படத்தை விடுங்கள், அந்த ஏற்பாட்டைப் பாருங்கள். வேதாளம் கதை சொல்லி முடித்து ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். சொல்லிவிட்டாலோ மௌனம் கலைந்துவிடும், வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்கே போய்விடும். புத்திசாலியாக இருப்பதே அவனுக்குத் தண்டனை! இப்படி ஒரு பொறியை இன்றைக்கு ஒருவர் புதிதாக யோசித்து எழுதினால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவோம். நமக்கு அது மாதாமாதம் கிடைத்துக்கொண்டிருந்ததால் பெரிதாகத் தெரியவில்லை.

அதே இதழ்களில் வந்த நீண்ட மாயத் தொடர்கள் இன்னொரு உலகம். அவற்றில் பலவற்றைத் தெலுங்கில் எழுதியவர் தாசரி சுப்ரமண்யம் என்பதை நான் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு தலைமுறையே அவர் கதைகளைப் படித்து வளர்ந்திருக்கிறது. அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது.

காமிக்ஸ் பக்கம் போனால் இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே வந்தவர். என் காலத்தில் பழைய பிரதிகள் கைமாறிக் கைமாறி, அட்டை இல்லாமல் வரும். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும், ஆனால் அந்த இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். அப்பாயியின் பேய்க்கு இருந்த மாதிரியே இவருக்கும் ஒரு எல்லை. முழுவதும் மறைகிறவனாக இருந்திருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் என்னை எழுத வைத்தது இவை எதுவும் இல்லை, மணிமேகலை. பள்ளிப் பாடத்தில் ஆதிரை பிச்சையிட்ட பகுதியை மனப்பாடச் செய்யுளாகப் படித்ததோடு சரி. கல்லூரியில் தமிழ் இலக்கியம் எடுத்ததால் முப்பது காதையையும் படிக்க வேண்டி வந்தது. பௌத்த நூல், அறநூல், தத்துவ நூல் என்றெல்லாம் வகுப்பில் சொன்னார்கள். எல்லாம் சரிதான். நான் படித்தபோது எனக்குத் தெரிந்தது ஒரு ஃபேன்டஸி காவியம். ஒரு தெய்வம் தூங்குகிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்த் தனித் தீவில் விடுகிறது. முற்பிறப்பைக் காட்டும் பீடிகை இருக்கிறது. வான்வழி போகவும் வேற்றுருவம் எடுக்கவும் பசியைப் போக்கவும் மந்திரங்கள் கிடைக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கும் நாவல்கனியைத் தெரியாமல் மிதித்துச் சிதைத்த காயசண்டிகை, எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசி நோயோடு அலைகிறாள்.

அமுதசுரபியின் முன்கதையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். ஆபுத்திரன் மதுரையில் பிச்சையெடுத்து ஏழைகளுக்குச் சோறு போடுகிறவன். சிந்தாதேவி அவன் கையில் குறையாத பாத்திரத்தைக் கொடுக்கிறாள். அவன் போடும் சோற்றின் புகழ் இந்திரன் வரை போகிறது. வரம் தர வந்த இந்திரனைப் பார்த்து ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். அதற்கு இந்திரன் பழிவாங்கிய விதம்தான் அபாரம். பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, சாபமும் விடவில்லை. நாட்டில் நல்ல மழை பெய்ய வைத்தான், அவ்வளவுதான். எல்லார் வீட்டிலும் நெல். சோறு கேட்டு வர ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு ஆபுத்திரன் கப்பல் ஏறுகிறான், வழியில் மணிபல்லவத் தீவில் இறங்குகிறான், அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. மனிதர் யாரும் இல்லாத தீவு. கையில் உலகத்துக்கே சோறு போடும் பாத்திரம். தான் ஒருவன் மட்டும் தின்ன மனமில்லாமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து சாகிறான்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வரத்தைச் செல்லாக்காசாக்க மழை போதும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! ஆங்கில ஃபேன்டஸியெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான் வந்தது. டோல்கீன் படித்தேன், பிடித்தது, ஆனால் அந்த மலையும் பனியும் என்னுடையவை இல்லை. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ நாவல்கள் (முதல் நாவல் 1968இல் வந்தது) வேறு மாதிரி நெருங்கி வந்தன. ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால் அதன் மேல் அதிகாரம் கிடைக்கும் என்பது அங்கே மாயத்தின் விதி. பேர் சொல்லிக் கூப்பிடும் பேயைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அது புதிதாகவா இருக்கும்?

சரி, என் நாவலுக்கு வருகிறேன். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று நாம் சும்மா சொல்கிறோம். அது உண்மையாகவே நடக்கும் ஒரு நாடு இருந்தால்? ஒருவர் கையால் உப்பு வாங்கித் தின்றவன் அவருக்குத் துரோகம் செய்ய முடியாது. நினைத்தாலும் கை எழாது. அப்படியென்றால் ராஜா முதல் வேலையாக என்ன செய்வான்? எல்லா அதிகாரிகளுக்கும் தன் கையால் உப்பு கொடுப்பான். தான் மட்டும் வாழ்நாள் முழுக்க உப்பில்லாச் சோறு தின்பான், இன்னொருவர் உப்பைத் தொட்டால் அவருக்குக் கட்டுப்பட வேண்டுமே. அந்த ராஜாவுக்குச் சமைக்கிற பெண்தான் என் கதாநாயகி. உப்புப் பாத்தியும் உப்பு வாரும் பலகையும் வெயிலில் கண் கூசுகிற வெள்ளையும் எனக்குத் தெரிந்தவை, அதனால் களத்துக்கு நான் அலையவே வேண்டியிருக்கவில்லை.

யார் வேண்டுமானாலும் கதை போடக்கூடிய பிரதிலிபி இணையதளத்தில் தொடராகப் போட்டேன். முதல் சில அத்தியாயங்களுக்கு ஈயாடியது. பிறகு மெல்ல ஆட்கள் வந்தார்கள், வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு வாசகி கேட்டார்: "வியர்வையிலும் உப்பு இருக்கிறதே, அது கணக்கில் வருமா? தாய்ப்பால்?" நான் அதை யோசித்திருக்கவே இல்லை. இரண்டு வாரம் அத்தியாயம் போடாமல் உட்கார்ந்தேன். ராஜாவுக்குப் பால் கொடுத்தது பெற்றவள் இல்லை, ஒரு செவிலி என்று வைத்தால்? அவள் இன்னும் உயிரோடு இருந்தால்? நாவலின் பின்பாதி முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. பத்திரிகையில் எழுதினால் இது கிடைத்திருக்காது.

இனி அந்த வறண்ட பகுதி. பதிப்பகங்களுக்கு அனுப்பியபோது பெரும்பாலும் பதிலே இல்லை. பதில் சொன்ன ஒருவர் "சிறுவர் நூலாகப் போடலாமா, பாதியாகக் குறைத்துக் கொடுங்கள்" என்றார். இன்னொருவர் அச்சுச் செலவை நானே ஏற்கச் சொன்னார். தமிழில் மாயக்கதை என்றாலே குழந்தைகளுக்கு என்று ஒரு எண்ணம். ராஜா ராணிக் கதை என்றால் உடனே எந்தச் சோழன், எந்த நூற்றாண்டு என்று கேட்பார்கள். வரலாறாகவும் இல்லாமல் பாப்பா கதையாகவும் இல்லாமல் ஒன்று வந்தால் எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்கே தெரியாது. கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகம் எடுத்தது. அதை நடத்துகிறவர் என் தொடரை ஏற்கெனவே படித்து வந்தவர்.

முன்பெல்லாம் ஒரு தமிழ் நாவல் என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடிப்பார்கள், அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கைகொடுக்கும். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால் நூறு, இருநூறு என்று அடித்துத் தீர்ந்தால் மறுபடி அடிக்கிறார்கள். ராயல்டி பொதுவாகப் பத்து சதவீதம். 300 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் கைக்கு 9,000 ரூபாய். கணக்கு பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொழிலுக்கு வராதீர்கள். நான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பதிப்பாளர் ஒரு எடிட்டரை வைத்தார், அதற்கே அவருக்குக் கோவில் கட்டலாம். எடிட்டர் முதலில் வெட்டியது ராஜ வம்சாவளி. "ஏழு தலைமுறைப் பேர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அந்தச் சமையல்காரி அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து ஆரம்பிங்க" என்றார். வரைபடம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், அதை மட்டும் விட்டுக்கொடுத்தார். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வந்தது. அரங்குக்கு வருகிறவர்கள் பின்னட்டையைப் படித்துவிட்டு "இது எந்த ராஜா சார்?" என்று கேட்க, உப்புக் கதையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. சொன்னவுடன் வாங்கியவர்களில் பாதிப் பேர் நடுத்தர வயதுக்காரர்கள், அம்புலிமாமா தலைமுறை. இளைஞர்கள்தான் வாங்குவார்கள் என்று பதிப்பாளர் போட்ட கணக்கு பொய்த்தது.

மின்னூல் போட நினைப்பவர்களுக்கு ஒன்று. அமேசானின் கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம்தான். செலக்டில் சேர்ந்தால் அதே மின்னூல் வேறு தளத்தில் இருக்கக் கூடாது, அதாவது தொடரை எடுத்துவிட வேண்டும். என் தொடரில் அந்தத் தாய்ப்பால் கேள்வியும், அதன் கீழே நடந்த சண்டையும் இருக்கின்றன. அதனால் எடுக்கவில்லை, 35 சதவீதத்திலேயே இருக்கிறேன். மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை.