விங்-டி எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கால்பந்து கேள்வி பதில்

கேள்வி: கமென்டரியில் அடிக்கடி ‘விங்-டி’ என்கிறார்கள். இதைத் தொடங்கியது யார்?

விங்-டி என்பது பந்து வைத்திருக்கும் அணி ஆட்களை நிறுத்தி ஆடும் ஒரு முறை. தொடங்கியவர் டேவிட் நெல்சன். 1950-ல் மெய்ன் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தபோது இதை உருவாக்கினார். அடுத்த வருடமே டெலவேர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், ஆட்டமுறையும் அவரோடு போனது. அதனால்தான் இன்றைக்கும் டெலவேர் விங்-டி என்று பெயர்.

நெல்சன் மிச்சிகனில் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லரிடம் சிங்கிள் விங் என்ற பழைய முறையை ஆடி வளர்ந்தவர். அந்த முறையில் லைனின் (முன்வரிசையின்) ஓரத்தில் விங்பேக் என்ற ஓர் ஆள் நிற்பார். பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி இடித்துத் தடுக்க அது அருமையான இடம். 1940-களில் பெரும்பாலான அணிகள் டி ஃபார்மேஷன் என்ற அமைப்புக்கு மாறின. அதில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், லைனின் நடுவில் பந்தைத் தொடங்கிவைக்கும் சென்டருக்கு ஒட்டிப் பின்னால் நின்று பந்தைக் கையிலேயே வாங்குவார், உடனே முதுகைத் திருப்பி அதை மறைத்துவிடலாம். நெல்சன் இரண்டையும் சேர்த்தார். தடுக்கும் விதம் சிங்கிள் விங்கிலிருந்து, மறைக்கும் விதம் டி-யிலிருந்து. லைன் கோச் மைக் லூடின் பங்கும் இதில் பெரியது, அவரை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி: சார், எதிரணியை எப்படி ஏமாற்றுகிறார்கள்? திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஓடுவதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

அப்படித் தெரிவதுதான் இதன் பலமே. பக் ஸ்வீப்பை எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் போகும் பிளே, அதாவது முன்பே திட்டமிட்ட ஒரு நகர்வு. பேக்குகள் என்றால் லைனுக்குப் பின்னால் நிற்கும் ஆட்கள், கார்டுகள் என்றால் சென்டருக்கு இரு பக்கமும் நிற்பவர்கள். பந்து வந்ததும் குவார்ட்டர்பேக் திரும்புகிறார். ஃபுல்பேக் இரண்டு கைகளையும் வயிற்றோடு மடக்கி, பந்து தன்னிடம் இருப்பதுபோல் நடுவில் பாய்கிறார். அவருக்குப் பின்னால் குறுக்கே வரும் இடது ஹாஃப்பேக்கிடம்தான் பந்து போகிறது. வலது ஓரத்தில் விங்பேக்கும் லைனின் கடைசியில் நிற்கும் டைட் எண்டும் உள்நோக்கி இடித்து எதிராளிகளின் வழியை அடைக்கிறார்கள். கார்டுகள் இருவரும் லைனை விட்டு விலகி வலப்பக்கம் ஓடுகிறார்கள். முதல் கார்டு ஓரத்தில் நிற்கும் எதிராளியை வெளியே தள்ளுகிறார், இரண்டாமவர் அந்தத் திறப்புக்குள் நுழைந்து, எதிரணி லைனுக்குப் பின்னால் காவல் நிற்கும் லைன்பேக்கரைத் தேடுகிறார். பந்தைக் கொடுத்துவிட்ட குவார்ட்டர்பேக்கோ, கையில் பந்து இருப்பதுபோல் இடப்பக்கம் வளைந்து ஓடுகிறார்.

இதை நாலு தடவை பார்த்த லைன்பேக்கர் ஐந்தாவது தடவை வலப்பக்கம் முந்திக்கொண்டு ஓடுவார். இப்போது ஃபுல்பேக்கிடம் நிஜமாகவே பந்து இருக்கும், அது டிராப் (trap, பொறி). சரி என்று நடுவை அடைத்தால் மறுபடி ஸ்வீப். இடது ஓரத்து எதிராளி ஸ்வீப்பைத் துரத்திக்கொண்டு உள்ளே வந்தால், குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு இடப்பக்கம் போவார். அதுதான் வேகிள், ஓடவும் செய்யலாம், எறியவும் செய்யலாம். ஒரே கையசைவில் லெக் பிரேக்கும் கூக்ளியும் போடும் ஸ்பின்னரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே உண்மையான பிளேக்கள், ஒன்றுகூட வெறும் வேடிக்கைக்கு இல்லை. இப்படி ஒன்றையொன்று காக்கும் பிளேக்களை ஒரு ‘சீரீஸ்’ என்று கட்டியதுதான் நெல்சனின் பெரிய பங்களிப்பு.

கேள்வி: பிளேக்களுக்கு 121 மாதிரி எண்கள் சொல்கிறார்களே?

முதல் இலக்கம் ஃபார்மேஷன், 100 என்றால் விங்பேக் வலப்பக்கம். நடுவில் உள்ள 2, இருபதாம் சீரீஸ், அதாவது பக் ஸ்வீப் குடும்பம். கடைசி 1, வலது ஓரத்து இடைவெளி. இதையே இடப்பக்கம் திருப்பினால் 929, 9 என்றால் இடப்பக்கம்.

கேள்வி: கார்டுகள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று மட்டும் பார்த்தால் குட்டு உடைந்துவிடாதா அண்ணா?

நல்ல கேள்வி. உடையும். விங்-டியை எதிர்கொள்ளும் கோச்கள் லைன்பேக்கர்களுக்கு முதலில் சொல்வதே ‘பேக்குகளைப் பார்க்காதே, கார்டைப் பார்’ என்பதுதான். வேகிளில்கூட பேக்குகள் ஒரு பக்கம் போக, கார்டுகள் பந்தோடு மறுபக்கம் போய்விடுகிறார்கள். அதனால் கார்டையே பொய் சொல்ல வைக்கும் பிளேக்களும் உண்டு. ஸ்வீப்புக்கு ஓடுவதுபோல் கார்டு விலகுவார், எதிரே நிற்பவர் அவர் பின்னாலேயே போவார், பந்து அந்தக் காலி இடத்தில் நுழையும்.

கேள்வி: சின்னக் கல்லூரிகளைத் தாண்டி வென்றிருக்கிறதா?

ஃபாரஸ்ட் எவாஷெவ்ஸ்கி மிச்சிகனில் நெல்சனோடு ஆடியவர். 1956-ல் அயோவாவில் இதை எடுத்துக்கொண்டார். 1957, 1959 இரண்டு ரோஸ் பவுல் (பெரிய கல்லூரி அணிகளின் புகழ்பெற்ற புத்தாண்டு ஆட்டம்) ஆட்டங்களிலும் அயோவாவுக்கு வெற்றி. 1959-ல் கலிஃபோர்னியாவை 38-12 என்று அடித்தார்கள். அன்று பாப் ஜீட்டர் வெறும் 9 ஓட்டங்களில் 194 யார்டு எடுத்தார். எதிரணி தவறான இடத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1973-ல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்த ஆரா பார்சீகியனின் அணியும் விங்-டிதான்.

கேள்வி: இதில் ஆடிய குவார்ட்டர்பேக் யாராவது தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பெயர் எடுத்தாரா?

ரிச் கேனன். டெலவேரில் விங்-டி ஆடியவர், 2002-ல் ரெய்டர்ஸ் அணிக்காக என்எஃப்எல்லின் மிக மதிப்புமிக்க வீரர்.

கேள்வி: டெலவேர் ஏன் கைவிட்டது? இப்போது யாராவது ஆடுகிறார்களா?

நெல்சனுக்குப் பிறகு டப்பி ரேமண்ட் 1966 முதல் 2001 வரை கோச்சாக இருந்து, இதே முறையில் சரியாக 300 வெற்றிகள் எடுத்தார். அவர் ஓய்வு பெற்றதும் வந்த கே.சி. கீலர், ரேமண்டிடமே லைன்பேக்கராக ஆடியவர், ஆட்களை அகலமாகப் பரப்பி நிறுத்தும் ஸ்ப்ரெட் முறைக்கு மாற்றினார். 2003-லேயே பட்டமும் வென்றார், ஆகவே அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் உயர்நிலைப் பள்ளிகளில் விங்-டி உயிரோடுதான் இருக்கிறது. அங்கே கோச் ஆட்களைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஊரில் இருக்கும் பையன்களை வைத்துத்தான் ஆட வேண்டும். குண்டான எதிராளியை நேருக்கு நேர் தள்ள முடியாத பையன், பக்கவாட்டிலிருந்து இடித்தால் தள்ளிவிடுவான். விங்-டி அவனுக்கு அந்தக் கோணத்தைக் கொடுக்கிறது. கஸ் மால்சான் ஆர்கன்சாவில் பள்ளி கோச்சாகத் தொடங்கியவர். 2013-ல் எஸ்இசி (தென்கிழக்குக் கல்லூரி லீக்) பட்டம் வென்ற அவருடைய ஆபர்ன் அணி ஷாட்கன்னில், அதாவது குவார்ட்டர்பேக் சென்டரை விட்டுத் தள்ளி நிற்கும் அமைப்பில், நின்று ஆடியது, ஆனால் விலகி ஓடும் கார்டுகளையும் பக் ஸ்வீப்பையும் அதில் தெளிவாகப் பார்க்கலாம்.