‘இயற்கை மூலிகைதானே டாக்டர்?’: கஞ்சா பற்றிய கேள்வி பதில்

கே: எப்போதாவது நண்பர்களோடு கஞ்சா இழுப்பேன். அடிமையாகிவிடுவேனா?

ப: வயதை எழுதவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் பாதிப் பேர் வயதைப் போடுவதில்லை. இந்தக் கேள்விக்கு வயதுதான் பாதிப் பதில். இழுத்துப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். மூளை 25 வயது வரை வளர்கிறது. அதற்கு முன் தொடவே கூடாது. ‘எப்போதாவது’ என்பது வாராவாரம் ஆகியிருந்தால் இப்போதே விடுங்கள்.

கே: நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது. சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியுமா?

ப: ஒரே ஒரு தடவை என்றால் மூன்று, நாலு நாளில் போய்விடும். தினமும் இழுத்தவருக்கு ஒரு மாதம்கூடத் தெரியும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. உடம்புக் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்லத்தான் வெளியேறும். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதால் அது வேகமாக வெளியேறிவிடாது.

கே: ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் பயன்படுத்திய மூலிகை. வெள்ளைக்காரன்தான் கெட்ட பெயர் கட்டித் தடை செய்தான். இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும்?

ப: மாதம் தவறாமல் வரும் கேள்வி. இந்த வாதத்தை நம்பிக் கெட்ட பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. அரளி விதையும் இயற்கைதான்.

வரலாற்றையாவது சரியாகப் படியுங்கள். 1839-ல் கல்கத்தாவில் ஓ’ஷானசி என்ற மருத்துவர் கஞ்சாவை வலிப்புக்கும் ரண ஜன்னிக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார். மேற்கத்திய மருத்துவத்தில் அது பரவியது அதற்குப் பிறகுதான். 1893-94-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த குழு, அளவோடு பயன்படுத்தினால் பெரிய கெடுதல் இல்லை, முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்றது. சர்வதேசக் கட்டுப்பாடு 1925 ஜெனீவா ஒப்பந்தத்தில் தொடங்கி, 1961 ஐ.நா. ஒப்பந்தத்தில் இறுகியது.

அந்தக் குழு பார்த்தது அந்தக் காலத்துச் சரக்கை. டி.எச்.சி.யை மெச்சூலம், கவோனி என்ற விஞ்ஞானிகள் பிரித்தெடுத்ததே 1964-ல்தான். 1990களில் அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் அது சுமார் 4 சதவீதம். இன்று 15-ஐத் தொடுகிறது. மெழுகு போலவும் எண்ணெய் போலவும் பிழிந்தெடுத்த வகைகளில் 60, 80 சதவீதம். அந்தக் காலத்தவர் இழுத்ததும் நீங்கள் இழுப்பதும் ஒன்றல்ல. ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் கவனித்து, 1987-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் இழுத்திருந்தவர்களிடம் மனச்சிதைவு, இழுக்காதவர்களைவிட ஆறு மடங்கு. அதுவும் வீரியம் குறைந்த பழைய சரக்கில். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் ஓர் இழுப்புகூட வேண்டாம்.

கே: கஞ்சா கலந்த பிஸ்கட் ஒன்று தின்றேன். ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று தின்றேன். பிறகு நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேன் என்று தோன்றியது.

ப: அவசரம்தான் காரணம். புகை சில நிமிடத்தில் ஏறும். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கல்லீரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றி அனுப்பும். போதை எட்டு மணி நேரம்கூட நிற்கும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 வரை கூடும்; இதய நோயாளிக்கு அது ஆபத்து. நெஞ்சு வலித்தாலோ நினைவு தடுமாறினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்று முழுக்க வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இந்தப் பண்டம் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

கே: தம்பிக்கு 24 வயது. ஐந்து வருடமாகத் தினமும் கஞ்சா. இப்போது விடியற்காலையில் ஓயாத வாந்தி. எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது. வெந்நீரில் நின்றால்தான் அடங்குகிறது.

ப: எழுத வேண்டியதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. அந்த வெந்நீர்தான் துப்பு. கஞ்சாவே உண்டாக்கும் வாந்தி நோய் இது. 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். தோல் சிவந்து கன்றிப்போகும் வரை வெந்நீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வழக்கமான வாந்தி மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்காது. குமட்டலுக்குக் கஞ்சா நல்லது என்று நம்பி இன்னும் இழுப்பார்கள், வாந்தி இன்னும் கூடும். முழுக்க விடுவது ஒன்றே வழி. நீர் வற்றிச் சிறுநீரகம் கெடலாம், தாமதிக்காதீர்கள். மருத்துவரிடம் கஞ்சாவை மறைக்க வேண்டாம்.

கே: மருந்தாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களே?

ப: சிலவகை அரிய குழந்தை வலிப்புகளுக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த சி.பி.டி. என்ற வேறொரு பொருளை மருந்தாக 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது. அது போதை தராதது, அளந்து கொடுப்பது. உங்கள் பொட்டலம் அதுவல்ல.

கே: கர்ப்பத்தில் வாந்திக்கு இழுக்கலாமா?

ப: கூடாது. குழந்தையின் எடை குறையும். பால் கொடுக்கும்போதும் கூடாது.

கே: விட்டு நாலு நாள். தூக்கமில்லை, எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன்.

ப: முதல் வாரம்தான் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். கெட்ட கனவுகள் சில வாரம் நீளலாம். அந்த இடத்தில் மதுவையோ தூக்க மாத்திரையையோ நீங்களாக வைக்காதீர்கள். மூன்றாம் வாரமும் தூங்க முடியாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே போங்கள்.