செக்: சட்டையிலும் வங்கியிலும்

கேள்வி: வங்கியில் செக் கொடுக்கிறோம். பஸ்ஸில் ஏறி டிக்கெட் செக் பண்ணுகிறார்கள். கட்டம் போட்ட சட்டைக்கும் செக் சட்டை என்று பெயர். செஸ் ஆட்டத்திலும் செக். எல்லாம் ஒரே சொல்லா, வேறு வேறா?
வாசகர், கோவில்பட்டி

பதில்: ஒரே சொல்தான். கடைசியாகச் சொன்னீர்களே செஸ், அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் மூத்தது. நம் சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனதும் அங்கே ராஜா 'ஷா' ஆனார். ராஜாவைக் குறிவைத்துக் காய் நகர்த்துகிறவர் 'ஷா' என்று சொல்லி எதிராளியை எச்சரிப்பார். அரபு நாடுகள் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது அந்தச் சொல்லும் கூடவே போனது. லத்தீனில் 'ஸ்காக்குஸ்' என்றும் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' என்றும் உருமாறி, ஆங்கிலத்தில் செக் என்று நின்றது. செஸ் என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்தது. செக்மேட், 'ஷா மாத்': ராஜா செயலற்றுப் போனார்.

ராஜாவுக்குச் செக் விழுந்துவிட்டால் வேறு எந்தத் திட்டம் இருந்தாலும் நிறுத்திவிட்டு முதலில் அவரைக் காப்பாற்றியாக வேண்டும். 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் இங்கிருந்துதான் பிறந்தது. ஓடைக்குக் குறுக்கே கட்டும் செக் டேமை நாம் தடுப்பணை என்கிறோம். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள். 'எதிர்க்கட்சிக்குச் செக்' என்று நம் நாளிதழ்கள் தலைப்புப் போடும்போது, சொல் ஏறக்குறைய தன் பழைய பலகைக்கே திரும்பிவிடுகிறது. தவறு நடக்காமல் தடுப்பதற்கு ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் செக் ஆனது. பஸ் செக்கர், செக்கப், செக்போஸ்ட் எல்லாம் இந்த வழியில் வந்தவை.

வங்கிச் செக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நான் வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்தவன். செக்கை வாங்கிக்கொண்டு பித்தளை டோக்கனைக் கொடுப்போம். பிறகு லெட்ஜரைப் புரட்டி இருப்பைப் பார்த்து, மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எழுத்தின் சுழிப்பு வரைக்கும் ஒப்பிடுவோம். சந்தேகம் வந்தால் ஆளைக் கூப்பிட்டு, எங்கள் எதிரிலேயே இன்னொரு முறை கையெழுத்துப் போடச் சொல்வோம். இந்த ஒப்பிடும் வேலைதான் அந்தச் சீட்டுக்குப் பெயரே கொடுத்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செக் என்றால் பணம் கேட்டுக் கொடுக்கும் சீட்டைக் குறிக்காது. மோசடியைப் பிடிப்பதற்காகத் தனியே வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையைத்தான் குறிக்கும். சீட்டையும் அடிக்கட்டையையும் சேர்த்துப் பார்த்தால் திருத்தல் எதுவும் நடந்திருந்தால் தெரிந்துவிடும். பிற்பாடுதான் பெயர் அடிக்கட்டையிலிருந்து சீட்டுக்கு இடம் மாறியது. இப்போது செக் புத்தகத்தில் அடிக்கட்டையைப் பூர்த்தி செய்யாமல் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுக்கிறவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே வங்கிச் செக்கை வேறு மாதிரி எழுதுகிறார்களாமே? பிரிட்டன் நிதியமைச்சரை 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டு கேள்விக்கும் விடை ஒரே மேஜைமேல் இருக்கிறது அம்மா.

இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல், அரசுக்கு வர வேண்டிய பணத்தைக் கணக்குப் பார்த்த அந்த மேஜையைப் பற்றி 1170களின் கடைசியில் விவரமாக எழுதிவைத்தார். பத்தடி நீளம், ஐந்தடி அகலம். காசு உருண்டு விழாதபடி சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. துணியின் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது, நூறு, ஆயிரம் என்று போகும். மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் ஒரு பக்கம், பொருளாளர் எதிர்ப்பக்கம். கட்ட வேண்டியது எவ்வளவு என்று ஒரு வரிசையில் வில்லைகளை வைப்பார்கள். கட்டியது எவ்வளவு என்று அதற்குக் கீழே இன்னொரு வரிசை. மிச்சம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவரை ஏமாற்ற முடியாத கணக்கு இது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் மேஜைக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்தது. பலகையில் ராஜாக்கள் மோதுவது போல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நைஜலே சொல்கிறார். மேஜையின் பெயர் இலாகாவுக்குப் போய், இன்றைக்கும் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் இருக்கிறது.

அந்த மேஜையில் ரசீது எதில் கொடுத்தார்கள் தெரியுமா? குச்சியில்! ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அளவு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து, பெரிய பாதியைப் பணம் கட்டியவருக்குக் கொடுத்துவிட்டுச் சின்னதைத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள். மறுபடி சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். குச்சிக்குப் பெயர் டேலி. கடை அடைக்கும் நேரத்தில் 'கணக்கு டேலி ஆகலை' என்கிறோமே, அதே டேலிதான். 1834 அக்டோபர் 16 அன்று இந்தப் பழைய குச்சிகளை லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ மிஞ்சிப்போய்க் கட்டடத்தின் பெரும்பகுதி சாம்பலானது.

உங்கள் மகன் சொல்வது சரி. ஆங்கிலேயர்களும் முதலில் வங்கிச் செக்கை, சரிபார்க்கும் செக்கைப் போல 'சிகே' முடிவோடுதான் எழுதினார்கள். பிறகு எக்ஸ்செக்கரின் எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு 'க்யூயுஇ' முடிவு வந்தது. அமெரிக்கா பழையபடியே எழுதுகிறது. நாம் ஆங்கிலேயர் வழி: 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 'க்யூயுஇ' முடிவோடுதான் எழுதுகிறது. செக் பவுன்ஸ் ஆனால் வழக்குப் போடுகிற 138ஆம் பிரிவு இந்தச் சட்டத்தில் பின்னால் சேர்ந்ததுதான்.

கேள்வி: அப்படியானால் செக் சட்டை?
கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: சதுரங்கப் பலகையின் கட்டம் துணிக்கு வந்தது, அவ்வளவுதான். உங்கள் ஊரில் இருந்துகொண்டு நான் சொல்லவா வேண்டும்! மெட்ராஸ் செக் என்று உலகம் முழுக்க விற்ற துணி நம் தறியில் நெய்தது.

கேள்வி: செக் குடியரசும் இந்தக் குடும்பமா?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அது வேறு. அந்த மக்கள் தங்களையே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. ஆங்கிலத்தில் 'சிஇசட்' என்று தொடங்குவதற்குப் போலந்து மொழியின் எழுத்துமுறை காரணம். ஆங்கிலத்தில் நாட்டுக்கு வெகுகாலம் பொஹீமியா என்றுதான் பெயர். ஆனால் அவர்கள் சதுரங்கத்தை 'ஷாஹி' என்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் 'ஷாக்', ரஷ்யர்கள் 'ஷாக்மதி'. மூன்றுமே பாரசீக ஷாவிடமிருந்து போனவை.